பரிந்துரைகளின் அதிகாரம்

1969இல் ஒரு இரவு. ஸ்டீவ் குரோக்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், தங்கியிருந்த வீட்டில் உறங்குபவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று குளியலறைக்குள் போய் உட்கார்ந்து ஒரு குறிப்பை எழுதினார். அடுப்படியிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து எழுதிப் பழகிய நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் அந்தக் குளியலறைக் குறிப்புக்குப் பிற்பாடு கிடைத்த மரியாதை நம் அடுப்படிக் குறிப்புகள் எதற்கும் கிடைத்ததில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் நான்கு ஆய்வு நிலையங்களின் கணினிகளை இணைக்கும் வேலை அப்போது தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றும் வேறு வகைக் கணினி. அவை எந்த முறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, எப்படியோ சில மாணவர்களின் கையில் வந்து சேர்ந்தது. முடிவெடுக்கும் அதிகாரத்தை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றிவிடுமோ என்ற தயக்கம் தமக்கு இருந்ததைக் குரோக்கர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதனால் குறிப்புகளுக்கு மிகப் பணிவான பெயரொன்றை வைத்தார்கள்: 'கருத்துகள் கோரும் விண்ணப்பம்'. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்எஃப்சி என்பது வழக்கம். முதல் ஆர்எஃப்சியில் 1969 ஏப்ரல் 7 என்று தேதி இருக்கிறது. இன்று அவற்றின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மின்னஞ்சல் முகவரி எப்படி இருக்க வேண்டும், ஒரு வலைப்பக்கம் கணினிவிட்டுக் கணினி எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் இந்த விண்ணப்பங்களில்தான் எழுதியிருக்கிறது.

குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் பின்னால் அரசும் சட்டமும் நிற்கின்றன என்று நமக்குத் தெரியும். இணையத்துக்கும் வலைக்கும் விதி வகுக்கும் அமைப்புகளுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அவற்றால் அபராதம் போட முடியாது, கடையைப் பூட்ட முடியாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இந்தப் பணிவான சொல் மட்டும் எப்படி ஏறியது? பதவியும் பட்டமும் இல்லாமல் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, வந்த மதிப்பு யார் பேரில் எழுதப்படுகிறது என்பது பெண்கள் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி. அதனால்தான் இந்த வரலாற்றைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வியங்கோள் நினைவுக்கு வரும். ஏவல் முன்னால் நிற்பவரைப் பார்த்து 'செய்' என்று ஏவும். வியங்கோள் 'செய்க' என்னும். வாழ்த்துவதற்கும் வைவதற்கும் வேண்டுவதற்கும் விதிப்பதற்கும் அதே வடிவம்தான். வேண்டுகோளும் விதியும் ஒரே உருவில் வரலாம் என்பதை நம் இலக்கணிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 1994 அக்டோபரில் டிம் பெர்னர்ஸ்-லீ அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அதாவது டபிள்யூ3சி, தன் தரநிலைகளுக்குத் 'தரநிலை' என்றே பெயர் வைக்கவில்லை. பல படிகளைத் தாண்டி முற்றுப்பெற்ற ஆவணத்துக்கு அங்கே வழங்கும் பெயர் 'பரிந்துரை'. 1997இல் வெளியான 2119ஆம் ஆர்எஃப்சி இன்னும் ஒரு படி போய், இத்தகைய ஆவணங்களில் வரும் துணைவினைகளுக்கே பொருள் வரையறுத்தது. எது கட்டாயம், எதைத் தக்க காரணமிருந்தால் மட்டும் விடலாம், எது அவரவர் விருப்பம் என்று பிரித்து, அந்தச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடும் வழக்கத்தை உறுதிசெய்தது.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. 'வேண்டும்' என்ற ஒரே சொல் ஆசையையும் கட்டாயத்தையும் சுமக்கிறது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்', 'ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும்' என்று இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுதி என்ன வேறுபாடு என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். "முதல் 'வேண்டும்' நம்மளோடது, ரெண்டாவது ஹாஸ்டலோடது அம்மா" என்றாள் ஒரு மாணவி. இதைவிட நல்ல உரையை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் பணிவான பெயர் மட்டும் ஒரு சொல்லை விதியாக்கிவிடாது. யாராவது அதை எழுதி வைக்க வேண்டும், எண்ணிட வேண்டும், பிழை திருத்த வேண்டும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். எலிசபெத் ஃபைன்லரின் கதை இங்கேதான் வருகிறது. ஜேக் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர். வேதியியல் படித்தவர். 1972இல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், டக் எங்கல்பார்ட்டின் குழுவில் சேர்ந்தார். புதிய வலைப்பின்னலில் எந்த நிலையத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கையேடு தொகுப்பது அவருக்குத் தரப்பட்ட முதல் வேலை. அதிலிருந்து வளர்ந்து, வலைப்பின்னலின் தகவல் நிலையத்துக்கே தலைவராகி 1989 வரை அதை நடத்தினார்.

அந்த நிலையத்தில் ஒரு கோப்பு இருந்தது. வலைப்பின்னலில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு கணினியின் பெயரையும் முகவரியையும் அங்கே தெரிவிக்க வேண்டும். நிலையத்தார் பெயரைச் சரிபார்த்துக் கோப்பில் ஏற்றுவார்கள், மற்றக் கணினிகள் எல்லாம் அதை நகலெடுத்துக்கொள்ளும். கோப்பில் ஏறாத கணினியின் நிலைமை ரேஷன் கார்டில் பெயர் ஏறாத மருமகளின் நிலைமைதான்: வீட்டில் இருப்பாள், கணக்கில் இருக்க மாட்டாள். ஒற்றைக் கோப்பு தாங்காமல் போனபோது, 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் இன்றைய பெயர் முறையை வகுத்தார். முகவரிகளின் கடைசியில் வரும் காம், எட்யூ, ஆர்க் போன்ற பெயர்களை முடிவு செய்ததில் ஃபைன்லரின் குழுவுக்கு முக்கியப் பங்குண்டு. இன்று ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதியிருக்கும் 'காம்' அது.

ஆர்எஃப்சி ஆவணங்களை வேண்டியவர்களுக்குக் கிடைக்கச் செய்ததும் அந்த நிலையம்தான். வெளியான ஒரு ஆர்எஃப்சியில் பிறகு ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை. பிழையிருந்தால் புதிய எண்ணில் புதிய ஆவணம் வரும். 'அந்த எண்ணைச் சொன்னால் அதே வரிகள் கிடைக்கும்' என்ற நம்பிக்கையிலிருந்துதான் பாதி அதிகாரம் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓலையைப் படியெடுத்துக் காத்தவர்கள் இல்லாமல் எந்தச் சங்கமும் இல்லை என்று தமிழ்த் துறைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த ஆவணங்களின் பதிப்பாசிரியராக 1998 அக்டோபரில் இறக்கும்வரை இருந்தவர் ஜான் போஸ்டல். இணையத்துக்குக் கடவுள் உண்டென்றால் அவர்தான் என்று பத்திரிகை எழுதும் அளவுக்குப் புகழ். 1980களிலிருந்து அவரோடு வேலை செய்தவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். எந்த எண் எதற்கு ஒதுக்கப்பட்டது என்ற பெரிய பதிவேட்டைப் போஸ்டலோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் திருத்தி வெளியிட்டார். பிறர் எழுதி அனுப்பிய ஆவணங்களை வரிவரியாகச் செம்மைப்படுத்தினார். கோப்புகளை அனுப்பும் முறையை வகுத்த 1985ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆர்எஃப்சியின் இரு ஆசிரியர்களில் அவரும் ஒருவர். போஸ்டல் மறைந்த பிறகு பதிப்புப் பணி நின்றுபோகாமல் பாப் பிரேடனோடு சேர்ந்து நடத்தினார். 2006இல் அவர்கள் இருவருக்கும் கிடைத்த விருதின் பெயர் போஸ்டல் விருது. ரெனால்ட்ஸ் 2015இல் இறந்தபோது, தினமும் மின்னஞ்சல் பார்க்கும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருந்தோம்? ஃபைன்லராவது காகிதங்களைக் கொட்டிவிடாமல் வைத்திருந்தார். முந்நூறு பெட்டிகளுக்கு மேல் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஆவணம் இருந்ததால் அவர் வரலாற்றில் இருக்கிறார்.

இனி, முடிவெடுக்கும் அறைக்கு வருவோம். இணையத்தின் அடிப்படை விதிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 1986 ஜனவரியில் 21 பேரோடு கூடியது. அதற்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். வாக்கெடுப்பும் கிடையாது. ஒரு கேள்வியை முன்வைத்து, ஆதரிப்பவர்களை வாய் திறக்காமல் 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வார்கள். பிறகு எதிர்ப்பவர்கள் முனகுவார்கள். எந்த முனகல் வலுவானது என்று கூட்டத்தை நடத்துபவர் காதால் கணிப்பார். 1992இல் டேவிட் கிளார்க் இந்தப் பண்பாட்டுக்கு ஒரு முழக்கம் கொடுத்தார். அரசரும் வேண்டாம், குடியரசுத் தலைவரும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், ஏறக்குறைய ஒத்த கருத்தும் ஓடிக்காட்டும் நிரலும் போதும் என்பது அதன் சாரம். இன்றுவரை அதைப் பெருமையோடு சொல்கிறார்கள்.

குரோக்கர் குளியலறையில் எழுதியதற்கு அடுத்த ஆண்டு, 1970 மே மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்தில் பெண்கள் கூட்டமொன்றில் ஜோ ஃப்ரீமன் ஓர் உரை நிகழ்த்தினார். 'அமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்ற தலைப்பில் அது கட்டுரையாகப் பரவியது. தலைமை வேண்டாம், விதிகள் வேண்டாம் என்று இயங்கிய பெண்கள் குழுக்களைப் பார்த்து, உள்ளேயிருந்தே அவர் எழுதினார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. விதிகளை எழுதி வைக்காவிட்டால் அவை நண்பர்களுக்குள் மட்டும் தெரிந்த விதிகளாகிவிடும். வெளியிலிருந்து வந்தவளுக்கு முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதே புரியாது. தேர்ந்தெடுக்காத தலைமையைப் பதவி இறக்கவும் முடியாது.

தரநிலை அமைப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் கிளார்க்கை விடாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். பக்கத்தில் ஃப்ரீமனையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன். முனகலுக்கு முகம் இல்லை, மேலதிகாரிக்குப் பயப்படாமல் எதிர்க்கலாம் என்பது அந்த முறையின் நியாயமான நன்மை. ஆனால் முனகுவதற்கு முதலில் அறைக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று கூட்டம், ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரில். விமானச் செலவு, விசா, நிறுவனத்தின் அனுமதி, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இன்று தொலைவிலிருந்தும் கலந்துகொள்ளலாம். அடிக்கல் நாட்டிய காலத்தில் அது எளிதாக இருக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று எழுதி ஒட்டிய வீட்டுக்குள் யாரெல்லாம் நுழைந்தார்கள் என்பது தனிக் கேள்வி.

முழக்கத்தின் இரண்டாவது பாதியான 'ஓடிக்காட்டும் நிரல்' இன்னும் முக்கியமானது. எழுதி வைத்த விதி செல்லுமா என்பதை, அதை யாராவது கணினியில் நடைமுறைப்படுத்தினார்களா என்பதைக் கொண்டே அளக்கிறார்கள். அரசுகளே இதில் தோற்றிருக்கின்றன. 1990 ஆகஸ்டில் அமெரிக்க அரசு, தன் அலுவலகங்கள் வாங்கும் வலைப்பின்னல் கருவிகள் சர்வதேச அமைப்பான ஐஎஸ்ஓவின் ஓஎஸ்ஐ முறைப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஐரோப்பிய அரசுகளும் அந்த முறையின் பக்கம்தான் நின்றன. ஆனால் அதற்குள் பல்கலைக்கழகங்களில் டிசிபி/ஐபி என்ற எளிய முறை ஓடிக்கொண்டிருந்தது. 1995இல் அரசு தன் கட்டாயத்தைக் கைவிட்டது.

இதே நாடகம் தமிழிலும் நடந்தது. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய கவிதை இன்னொருவர் கணினியில் புரியாத கிறுக்கலாகத் திறக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரநிலையாக அறிவித்தது. ஆணை போட்டது அரசு. ஆனால் 1991இல் கலிபோர்னியாவில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவான யூனிகோடு கூட்டமைப்பின் அட்டவணையில் தமிழுக்கு ஏற்கெனவே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் கூகுளும் அதை நடைமுறைப்படுத்தின. அரசு ஆணை பெற்ற குறியாக்கங்கள் வலையில் நிலைக்கவில்லை. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசும் யூனிகோடை ஏற்றது. அதோடு டேஸ்16 என்ற மாற்றுக் குறியாக்கத்தையும் அறிவித்தது. நம் கைபேசியில் இருப்பது யூனிகோடுதான். 1999இன் ஆணையில் பிழைத்தது தமிழ்99 விசைப்பலகை, அதுவும் கைபேசிகள் அதைச் சேர்த்துக்கொண்டதால்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. நம் இலக்கணத்தில் 'க்' என்ற மெய் முதலில், அதோடு அகரம் சேர்ந்தால் 'க'. யூனிகோடில் 'க' முதலில், அதன் மேல் புள்ளி வைத்தால்தான் 'க்'. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அரசு வகுத்திருந்த இஸ்கி என்ற பழைய அட்டவணையைப் பின்பற்றியதால் வந்த வினை. தொல்காப்பியரைக் கேட்காமல் எடுத்த முடிவு. அதே அட்டவணையில்தான் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் அதில் எழுதுகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை. அங்கீகாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

ஓடிக்காட்டும் நிரல் கையிலிருப்பவர்கள் தரநிலை அமைப்பையே மீறலாம் என்பதை டபிள்யூ3சி தன் சொந்த வீட்டில் கண்டது. 2004இல் எச்டிஎம்எல் மொழியை வளர்க்கும் யோசனையொன்றை அது நிராகரித்தபோது, உலாவிகளை உருவாக்கும் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகிய மூன்றும் வெளியே போய்த் தனிக் குழு அமைத்தன. பதினைந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2019 மே மாதம், எச்டிஎம்எல்லை எழுதும் உரிமை அந்தக் குழுவுக்கே என்று டபிள்யூ3சி ஒப்பந்தம் போட்டது. அரசரில்லாத நாட்டில் குதிரை வைத்திருப்பவர்கள் ஆண்டார்கள்.

குதிரையும் இல்லாதவர்கள் என்ன செய்வது? அதே டபிள்யூ3சியின் இன்னொரு அறையில் இதற்கு ஒரு பதில் உருவாகிக்கொண்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளும் வலையைப் பயன்படுத்த வழிசெய்யும் பணியை 1997இல் அது தொடங்கியது. அந்த ஆண்டே பொறுப்பேற்ற ஜூடி புரூவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். 1999 மே 5 அன்று முதல் வழிகாட்டு நெறிகள் பரிந்துரையாக வெளிவந்தன. மூன்று பதிப்பாசிரியர்களில் முதல் பெயர் வெண்டி சிஷோம். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்க ஒரு சொல் விளக்கம் எழுது, நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லாதே என்பது போன்ற எளிய விஷயங்கள்தான். நடைமுறைப்படுத்தும்படி எந்த உலாவி நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்த மாதமே ஆஸ்திரேலியாவில், பிறவியிலிருந்தே பார்வையற்றவரான புரூஸ் மகுவைர், சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் வலைத்தளத்தைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்தார். படங்களுக்கு விளக்கம் இல்லை, போட்டிகளின் பட்டியலுக்குப் போக வழி இல்லை. தளத்தை மாற்ற இருபது லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றது ஏற்பாட்டுக் குழு. மகுவைர் தரப்பில் சாட்சி சொன்ன வல்லுநர்களில் ஒருவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜுட்டா டிரெவிரானஸ், டபிள்யூ3சியின் இந்தப் பணியில் பங்கெடுத்தவர். வேலை அவ்வளவு பெரிதல்ல, சிறு குழுவே முடித்துவிடலாம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2000 ஆகஸ்டில் தீர்ப்பு மகுவைர் பக்கம் வந்தது. குழு முழுதாகக் கீழ்ப்படியாததால் நவம்பரில் இருபதாயிரம் டாலர் இழப்பீடு. வழக்குக்கு அடிப்படையான ஆஸ்திரேலியச் சட்டம் 1992இல் வந்தது. டபிள்யூ3சி பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு. பாகுபாடு கூடாது என்று சட்டம் பொதுவாகச் சொன்னது, எப்படிச் செய்தால் பாகுபாடு இல்லை என்று காட்டப் பரிந்துரை கையில் இருந்தது.

அதன் பிறகு அந்தப் பரிந்துரை ஏறிய படிகள் வேகமானவை. இரண்டாம் பதிப்பு 2008இல் வந்தது, 2012இல் ஐஎஸ்ஓ அதை அப்படியே தன் தரநிலையாக ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரநிலை அதை உள்வாங்கியது. அந்த ஐரோப்பியத் தரநிலையைத் தழுவி, நம் குக்கருக்கு முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 17802 என்ற தரநிலையை வெளியிட்டது.

நம் நாட்டில் 'பரிந்துரை' என்ற சொல்லே வழக்காடும் பொருளானது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட விதிகளில் ஒன்று வெறும் பரிந்துரைகளையே கைகாட்டுகிறது, கட்டாயம் என்று எதையும் வரையறுக்கவில்லை என்று சொல்லி அந்த விதியைச் சட்டத்துக்குப் புறம்பானது என்றது.

ஆறு மாதத்துக்குள் இன்னொரு தீர்ப்பு. பிரக்யா பிரசூன் அமில வீச்சில் உயிர் பிழைத்தவர், தன்னைப் போன்ற பெண்களுக்காக உழைப்பவர். வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, கேமரா முன் கண்ணை இமைத்துக் காட்டச் சொன்னார்கள். உயிருள்ள ஆள்தான் என்று கணினி உறுதிசெய்வதற்கான சோதனை அது. அமிலம் அவர் கண்களைச் சிதைத்திருந்தது, இமைக்க முடியாது. ஒரு ஆண் அமிலத்தை வீசிய முகத்தை, யாரோ வடிவமைத்த திரை இரண்டாவது முறை ஆள் இல்லை என்றது. அவரும் வேறு சில அமில வீச்சுப் பெண்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, எண்ணிம வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி இருபது உத்தரவுகளை இட்டது. அணுகல் தரநிலைகளைப் பின்பற்றியாக வேண்டும், முறையான தணிக்கை நடக்க வேண்டும் என்றது. உயிருள்ளவர் என்று காட்ட, கண் இமைப்பதைத் தவிர மற்ற வழிகளுக்கும் ரிசர்வ் வங்கி இடம் தர வேண்டும் என்பது அந்த இருபதில் ஒன்று.